நூற்றுக்குப் பத்து: தருமபுரியில் நான் கண்ட இரண்டு வரித் தாக்கல் சேவைகள்

தருமபுரி நேதாஜி பைபாஸ் சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இயங்கும் பட்டயக் கணக்காளர் அலுவலகம் ஒன்றில், 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலுமாக இரண்டு வேலைகளை முடித்துக்கொண்டேன். ஒன்று, 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்தது. மற்றொன்று, 2022-23 நிதியாண்டுக்கு நான் ஏற்கெனவே கொடுத்திருந்த பொய்ப் படிவத்தைத் திருத்தி, வாங்கிய பணத்தை அபராதக் கணக்கோடு திருப்பிக் கட்டியது. இந்த விமர்சனம் அந்த மாடி அலுவலகத்தைப் பற்றியதுதான். ஆனால் அந்தப் பொய்ப் படிவத்தை எனக்குத் தயாரித்துக் கொடுத்த முந்தைய சேவையைத் தவிர்த்துவிட்டு இதை எழுத முடியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு இடங்களுக்கும் பெயர் குறிப்பிடவில்லை. முதல் இடத்தின் பெயரை எழுதினால், குற்றத்தில் பாதிப் பங்கு வைத்திருக்கும் நான் மற்றவரை மட்டும் காட்டிக்கொடுத்ததாக ஆகும். இரண்டாம் இடத்துக்கு வேறு காரணம் உண்டு. சில விதிவிலக்குகளைத் தவிர, பட்டயக் கணக்காளர்கள் விளம்பரம் செய்வதும் ஆள் பிடிப்பதும் அவர்கள் தொழில் விதிகளில் ஒழுக்கக்கேடு. பாராட்டி எழுதினாலும் பெயரைப் போட வேண்டாம் என்று அந்த அலுவலகத்தை நடத்தும் கணக்காளர் அம்மையாரே கேட்டுக்கொண்டார். அவர் அலுவலகத்தின் பெயர்ப்பலகை ஒரு முழம்கூட இருக்காது. பெயர், பட்டம், அவ்வளவுதான். பேருந்து நிலையத்தைச் சுற்றி ‘உடனடி ரீபண்ட்’ என்று தொங்கும் பதாகைகளுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தப் பலகை முதல் தடவை தட்டுப்படவே இல்லை. மருந்துக்கடைக்காரரிடம் கேட்டுத்தான் மாடிப்படியைக் கண்டுபிடித்தேன்.

நான் பென்னாகரம் வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். எங்களுக்கு வருமான வரி என்பது ஆண்டுதோறும் பிப்ரவரி மாதச் சம்பளப் பட்டியலோடு வரும் சடங்கு. ஒரு தாளில் கழிவுகளை எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுத்து, மீதி வரியைப் பிடித்தம் செய்துகொள்ளச் சொல்லிவிட்டு, சூலையில், பிடித்த வரிக்கு வேலை தருபவர் கொடுக்கும் சான்றான பாரம் 16-ஐ எடுத்துக்கொண்டு யாராவது ஓர் ‘ஆடிட்டரிடம்’ போவோம். நம் ஊரில் கணினியும் அச்சுப்பொறியும் வைத்திருந்து படிவம் நிரப்பித் தருகிற எவரும் ஆடிட்டர்தான். படிவத்தை நிரப்ப உதவுவதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை என்பதால் அதில் சட்டப் பிழை இல்லை. ஆனால் பட்டயக் கணக்காளர் என்ற பெயர் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. அந்தப் பெயரோடு சில கடமைகளும் தடைகளும் சேர்ந்தே வருகின்றன என்பதை நான் கற்றுக்கொள்ள இரண்டு ஆண்டுகளும் ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாயும் ஆயின.

2023 சூலையில், ஆசிரியர் ஓய்வறையில் ஒரு நண்பர், தமக்கு வந்த ரீபண்ட் குறுஞ்செய்தியைக் காட்டினார். பிடித்த வரியில் பாதிக்கு மேல் திரும்பி வந்திருந்தது. எப்படி என்று கேட்டதற்கு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மையம் இருப்பதாகச் சொன்னார். மறுவாரச் சனிக்கிழமை நானும் போனேன். குளிரூட்டிய அறை, குடிக்க மோர், காத்திருக்க மெத்தை நாற்காலி. இரண்டு இடங்களையும் வசதியை வைத்து மட்டும் ஒப்பிட்டால் அந்த மையம்தான் வெல்லும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதுக்குள் இருந்த ஓர் இளைஞர் என் பாரம் 16-ஐ ஒரு நிமிடம் பார்த்தார். “சார், ஆபீஸ்ல பிடிச்சது மொத்தமும் வாங்க முடியாது. பாதிக்கு மேல வாங்கித் தரேன். வர்றதுல பத்து பர்சென்ட் குடுங்க, போதும். வரலைன்னா ஒரு ரூபா வேணாம்” என்றார்.

கடைசி வாக்கியம் எனக்கு நேர்மையின் அடையாளமாகத் தோன்றியது. வேலை நடந்தால்தான் கூலி என்கிறவரை யார்தான் சந்தேகிப்பார்கள்?

அந்த ஆண்டு என் சம்பளம் 11,00,000 ரூபாய். நிலையான கழிவு 50,000, வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் சேமிப்புக்கு 1,50,000 போக, வரிக்குரிய வருமானம் 9,00,000. அதற்குரிய வரியான 96,200 ரூபாயைப் பள்ளியில் சரியாகவே பிடித்திருந்தார்கள். அந்த இளைஞர் 80ஜிஜிசி பிரிவின்கீழ் அரசியல் கட்சிக்கு நன்கொடை 1,50,000 என்றும், 80டிடிபி பிரிவின்கீழ் நோய்ச் சிகிச்சைச் செலவு 1,00,000 என்றும் சேர்த்தார். வருமானம் 6,50,000 ஆகச் சுருங்கியது. வரி 44,200 ஆனது. 52,000 ரூபாய் திரும்ப வரும் என்று திரை காட்டியது. என் கைப்பேசிக்கு வந்த ஆதார் ஓடிபியை நானே வாசித்துச் சொன்னேன். படிவத்தின் இறுதியில் ‘இதிலுள்ள விவரங்கள் நான் அறிந்தவரை உண்மையானவை, முழுமையானவை’ என்ற உறுதிமொழி இருக்கிறது. அந்த ஆறு இலக்கங்களைச் சொல்வதுதான் அதற்குக் கையெழுத்து. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று பின்னாளில் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. 2,50,000 ரூபாயில் 20.8 விழுக்காடு எவ்வளவு என்பதை மனக்கணக்காகப் போடத் தெரிந்த ஒருவன், அந்த 2,50,000 எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருந்தான் என்பதே உண்மை.

செப்டம்பரில் 52,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கணக்கில் வந்து விழுந்தன. பத்து விழுக்காடு 5,200. அதற்குள் என்னோடு பணியாற்றும் இருவரை அதே மையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஆளுக்கு 500 என்று 1,000 ரூபாயைக் குறைத்துக்கொண்டு 4,200 வாங்கிக்கொண்டார்கள். ரசீது கிடையாது. என்னை அறிமுகப்படுத்திய நண்பருக்கும் அப்படித்தான் 500 போயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. ஓய்வறையில் அவர் காட்டிய குறுஞ்செய்தி நட்பினாலா, 500 ரூபாயினாலா என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை. என்னிடம் அந்த இருவரும் திருப்பிக் கேட்டால் நான் என்ன சொல்வது?

அடுத்த ஆண்டு அங்கே போகவில்லை. மனம் திருந்தியதால் அல்ல, மையம் பூட்டியிருந்தது. பள்ளியில் உதவியாளர் நிரப்பிக் கொடுத்த சாதாரணப் படிவத்தையே 2024-இல் தாக்கல் செய்தேன்.

2025 சூலை 14 அன்று வருமான வரித்துறை நாட்டின் பல இடங்களில் சோதனை நடத்தியது. பொய்க் கழிவுகளைப் புகுத்தி ரீபண்ட் வாங்கிக் கொடுத்துக் கமிஷன் பெறும் இடைத்தரகர்கள்தாம் இலக்கு. துறையின் அறிக்கையில் தமிழ்நாட்டின் பெயர் இருந்தது, 80ஜிஜிசி இருந்தது, 80டிடிபியும் இருந்தது. அரசு அமைப்புகளிலும் கல்வி நிறுவனங்களிலும் வேலை செய்பவர்கள் இதில் சிக்கியிருக்கிறார்கள் என்றும், அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாமாகவே படிவத்தைத் திருத்தி 1,045 கோடி ரூபாய் அளவுக்கான பொய்க் கோரிக்கைகளைக் கைவிட்டிருக்கிறார்கள் என்றும் அதில் கண்டிருந்தது. இன்னொரு வரி என்னை அதிகம் அச்சுறுத்தியது. தரகர்கள் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைத் தொடங்கி மொத்தமாகப் படிவங்களைத் தாக்கல் செய்துவிட்டுப் பிறகு அவற்றைக் கைவிட்டுவிடுவதால், துறை அனுப்பும் கடிதங்கள் வாசிக்கப்படாமலே கிடக்கின்றனவாம்.

அன்றிரவு, வணிகவியல் படிக்கும் என் மகளை உட்காரவைத்து வரித்துறைத் தளத்தைத் திறக்கச் சொன்னேன். பதிவாகியிருந்த மின்னஞ்சல் முகவரி என்னுடையது அன்று. என் பெயரின் முதல் மூன்று எழுத்துகளும் ஏதோ எண்களுமாக இருந்தது. பிறகு அவள் 2023-இல் கொடுத்த படிவத்தை இறக்கி வாசித்தாள். “அப்பா, ஆயாவுக்கு என்ன நோய்?” என்று கேட்டாள்.

80டிடிபி எந்த நோய்க்கும் கிடைக்கிற சலுகை கிடையாது. புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, சில நரம்பியல் நோய்கள், ஹீமோபிலியா, தலசீமியா என்று விதியில் ஒரு குறுகிய பட்டியல் உண்டு. சிறப்பு மருத்துவரின் சீட்டும் இருக்க வேண்டும். சார்ந்திருப்பவர் மூத்த குடிமகன் என்றால்தான் உச்சவரம்பு 1,00,000, மற்றவர்களுக்கு 40,000. அந்த உயர்ந்த வரம்புக்காக அந்த இளைஞர் என் தாயை எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இந்தக் கேள்வியைப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் என் தாய் வாசலில் உட்கார்ந்து மறுநாள் களிக்குக் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்றைத் தவிர மருத்துவச் செலவு என்று எதுவும் இல்லை.

இந்த நிலையில்தான் மாடி அலுவலகத்துக்கு வந்தேன். இனி அதைப் பற்றி.

குறைகளை முதலில் சொல்கிறேன். தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். ஏழு தடவை அழைத்து, ஒரு தடவைதான் பதில் கிடைத்தது. அதுவும் “நேர்ல வாங்க சார்” என்பதோடு முடிந்தது. பென்னாகரத்திலிருந்து மூன்று தடவை பேருந்தில் வர வேண்டியிருந்தது. ஆடிப்பெருக்கு வாரத்தில் ஒகேனக்கல் கூட்டத்தோடு நின்றுகொண்டே வந்த முதல் பயணத்தில், நடப்பு ஆண்டுப் படிவங்களின் நெருக்கடி முடிந்த பிறகு வரும்படி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டு கடைசித் தேதியைச் சூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்கு நீட்டித்திருந்ததால் கூட்டமும் செப்டம்பர் வரை நீண்டுவிட்டது. மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி கிடையாது. ஓய்வூதியர்கள் பலர் வரும் இடத்துக்கு இது பொருந்தாது. ஒரே ஆவணத்தை இரண்டு தடவை கேட்டார்கள்.

இவற்றை விடப் பெரிய குறை ஒன்று உண்டு. முன்னறையில் உதவியாளரின் மேசைமேல் ஒரு நீளமான பதிவேடு திறந்து கிடந்தது. அதில் வரிசையாகப் பெயர், பான் எண், பக்கத்திலேயே வரித்தளத்தின் கடவுச்சொல். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவரின் கடவுச்சொல்லை வாசிக்க முடிந்தது. அவர் தம் பேரன் பெயரை வைத்திருக்கிறார். வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காப்பதும் இந்தத் தொழிலின் கடமைதான். கமிஷன் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருக்கிற ஓர் அலுவலகம் இதில் இவ்வளவு அலட்சியமாக இருப்பது எனக்கு விளங்கவில்லை. என் கடவுச்சொல்லை எழுதித் தர மறுத்து, நானே தட்டச்சு செய்தேன். வேலை முடிந்ததும் மாற்றிவிட்டேன். அம்மையாரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சற்று வாடியது. அடுத்த தடவை போனபோது பதிவேடு மேசைமேல் இல்லை; மேசை இழுப்பறைக்குள் இருந்தது. இழுப்பறைக்குப் பூட்டு இருந்ததா என்று கவனிக்கவில்லை.

ஐம்பது வயதைக் கடந்த அந்த ஆடிட்டர் அம்மையார் என்னிடம் செலவிட்ட நேரம் முதல் சந்திப்பில் இருபது நிமிடம் இருக்கும். பழைய படிவத்தை அச்செடுத்து, இரண்டு பொய் வரிகளின் பக்கத்திலும் பென்சிலால் கோடு போட்டார். பிறகு நான் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார். “சார், நீங்க அரசு ஊழியர்தானே? கட்சிக்கு நன்கொடை குடுக்கலாமா?”

தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973, அரசியல் கட்சிக்கு உதவியாகப் பணம் தருவதைத் தடை செய்கின்றன. பணியில் சேர்ந்தபோது அந்த விதிகளுக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்திட்டவன் நான். அந்த நன்கொடை உண்மை என்று வாதிட்டால் கல்வித்துறையின் நடவடிக்கை. பொய் என்று ஒப்புக்கொண்டால் வரிக் குற்றம். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான் தப்ப முடியாத ஒரு வரியை, ஒரே நிமிடத்தில், மோர் கொடுத்து உபசரித்தபடி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் பள்ளியிலும் பக்கத்துப் பள்ளிகளிலும் அதே வரி எத்தனை ஆசிரியர்களின் படிவங்களில் இருக்கிறது என்று அப்போது நினைத்துப் பார்த்தேன்.

அடுத்து வழி சொன்னார். 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், தவறாகத் தாக்கல் செய்தவர்கள் பிற்பாடு தாமாகவே முன்வந்து திருத்திய படிவம் ஒன்றைத் தர வழி செய்தது. முதலில் மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்ததிலிருந்து 24 மாதங்கள்தாம் காலம். 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை 48 மாதங்களாக்கியது. தாமதிக்கத் தாமதிக்க விலை ஏறும். வரியும் வட்டியும் சேர்ந்த தொகைமேல் முதல் 12 மாதங்களுக்குள் 25 விழுக்காடும், 24 மாதங்களுக்குள் 50 விழுக்காடும், அதன்பின் 60, 70 என்றும் கூடுதல் வரி கட்ட வேண்டும். இந்தப் படிவத்தைக் கொண்டு வரியைக் குறைத்துக்கொள்ளவோ ரீபண்ட் கேட்கவோ முடியாது. கூடக் கட்டுவதற்கு மட்டுமே இது பயன்படும். துறை மதிப்பீட்டை ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தால் இந்தக் கதவும் மூடிவிடும் என்றார். எனக்கு வந்திருக்கக்கூடிய கடிதங்கள் யாரோ கைவிட்ட மின்னஞ்சல் பெட்டிக்குப் போயிருக்கும் என்பதால், தளத்தில் என் பெயரில் நடவடிக்கை ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று அவர் பார்த்த அந்தச் சில விநாடிகள் எனக்கு நீண்டவை. ஒன்றும் இல்லை.

என் வழக்கில் காலம் 50 விழுக்காட்டுக்குள் வந்தது. வரி 52,000; அதன்மேல் வட்டி; இரண்டின்மேலும் பாதி. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1 லட்சம். துறை தானாகக் கண்டுபிடித்து, தவறாகக் காட்டிய வருமானம் என்று முடிவு செய்தால், 270ஏ பிரிவின்படி வரியைப் போல் இரு மடங்கு அபராதம் விதிக்கலாம்: 1,04,000 ரூபாய், அதற்கு மேல் வரியும் வட்டியும், வழக்குக்கும் இடம் உண்டு. “கண்டுபிடிக்கலைன்னா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். “அந்தக் கணக்கு எனக்குப் போடத் தெரியாது சார்” என்றார். ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுங்கள் என்று சொல்லுமளவுக்கு ஒருவர் என்மேல் இரக்கப்படுவார் என்று அந்தப் படிகளில் ஏறும்போது நான் எதிர்பார்த்திருந்தேன் என்பது அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. பழைய மையத்தைப் பற்றி ஒரு சொல்லும் அவர் இழித்துப் பேசவில்லை. பேச வைக்க முயன்றும் பேசவில்லை.

நடப்பு ஆண்டுப் படிவத்தில் நடந்ததுதான் எனக்கு உண்மையான பாடம். 2024-25-இல் என் சம்பளம் 12,60,000. வரியைக் கணக்கிடப் பழையது, புதியது என்று இரண்டு முறைகள் உண்டு. பழைய முறையிலேயே வரி பிடிக்கச் சொல்லி வழக்கம்போல் பள்ளியில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதன்படி 1,35,720 ரூபாய் பிடித்திருந்தார்கள். அம்மையார் இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். பழைய முறையில் 50,000 நிலையான கழிவும் 1,50,000 சேமிப்பும் போக 10,60,000-க்கு வரி. புதிய முறையில் சேமிப்புக்குக் கழிவு கிடையாது. ஆனால் நிலையான கழிவு 75,000, விகிதங்களும் குறைவு. 11,85,000-க்கு வரி, வரியின்மேல் விதிக்கும் தீர்வை உட்பட, 80,860 மட்டுமே. சம்பளக்காரர்கள் உரிய தேதிக்குள் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆக எனக்குச் சட்டப்படித் திரும்பக் கிடைத்தது 54,860 ரூபாய். பொய் சொல்லி வாங்கிய 52,000-ஐ விட அதிகம். கணக்கு ஆசிரியனாகிய நான் இந்த இரண்டு கணக்குகளையும் ஒரு தாளில் போட்டுப் பார்க்க ஒரு மாலைப்பொழுதைக்கூடச் செலவிடவில்லை.

இதற்கு அவர் வாங்கிய கட்டணம் 1,500. திருத்திய படிவத்துக்கு 5,000. இரண்டுக்கும் ரசீது. ரீபண்ட் அதிகம் வந்ததே என்ற மகிழ்ச்சியில் கூடக் கொஞ்சம் வைத்துக்கொள்ளும்படி நான் சொன்னபோது, அவர் சற்றுக் கடுமையாகவே மறுத்தார். கட்டணம் செய்த வேலைக்கு மட்டும்தான். வருகிற தொகையைப் பொறுத்து வாங்குவது தமக்குத் தொழில் ஒழுக்கக்கேடு என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 1949-ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணையில், முதல் பகுதியின் பத்தாவது இனம் அதைத்தான் சொல்கிறது: விதிகள் அனுமதிக்கும் சில வேலைகளைத் தவிர, இலாபத்தின் விழுக்காடாகவோ முடிவைப் பொறுத்தோ கட்டணம் வாங்குவது மட்டுமன்று, வாங்க முன்வருவதும் ஒழுக்கக்கேடு.

இந்த விதியை முதலில் வாசித்தபோது எனக்கு அது மிகை என்றே தோன்றியது. பாலக்கோடு தக்காளி மண்டியில் நூற்றுக்கு இத்தனை என்றுதான் கமிஷன் வாங்குகிறார்கள். அதை யாரும் ஒழுக்கக்கேடு என்று சொல்வதில்லை. ஆனால் மண்டியில் தக்காளி கூடையில் இருக்கிறது. எடை போடலாம், அழுகலைப் பொறுக்கலாம், வாங்குகிறவன் எதிரிலேயே நிற்கிறான். விலை ஏறினால் விவசாயிக்கும் மண்டிக்காரருக்கும் இலாபம். விலை விழுந்தால் இருவருக்கும் அடி. வரிப் படிவத்தில் சரக்கு என்பது வெறும் எண். அதைக் கூட்டி எழுத ஒரு விசை போதும். கூடினால் எழுதுகிறவருக்குப் பத்தில் ஒரு பங்கு உடனே கிடைக்கும். பிடிபட்டால் இரு மடங்கு அபராதம் முழுவதும் என் தலையில். அவர் பூட்டிவிட்டுப் போய்விடுவார். ‘வரவில்லை என்றால் ஒரு ரூபாய் வேண்டாம்’ என்று அந்த இளைஞர் சொன்னது, தமக்கு இழக்க எதுவும் இல்லை என்பதைத்தான். அதை நான் பெருந்தன்மையாக வாசித்தேன். அந்த இளைஞர் இயல்பிலேயே கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அப்படிக் கூலி வாங்குகிற எவருடைய கையும் நாளடைவில் அந்த விசையை நோக்கித்தான் போகும். கூலி முறையிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே புதிதாக ஓர் ஆடிட்டரைத் தேடுகிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் ஒரே சோதனை, அவருடைய பட்டத்தையோ பலகையையோ பார்ப்பதற்கு முன்னால், கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறார் என்று கேட்பது.

மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்றால் மாடி அலுவலகத்துக்கு ஐந்துக்கு மூன்றரை. தொலைபேசிக்கும் படிக்கட்டுக்கும் சேர்த்து அரை, அந்தப் பதிவேட்டுக்காக ஒன்று குறைத்திருக்கிறேன். அவசரமாக வேலை முடிய வேண்டியவர்களுக்கு இந்த இடம் ஏற்றதன்று. சூலை, ஆகஸ்டு, செப்டம்பரில் போக வேண்டாம். முடிந்தால் சனிக்கிழமையைத் தவிர்த்து வேலை நாளில் காலையில் போவது நல்லது. பாரம் 16, வரித்தளத்திலிருந்து இறக்கிய ஆண்டுத் தகவல் அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை இரண்டு நகல்களாகக் கொண்டுபோனால் ஒரு பயணம் மிச்சமாகும். கடவுச்சொல்லை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தளத்தில் பதிவாகியுள்ள மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையவைதானா என்பதை இதை வாசித்து முடித்ததும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

நான் 2023-இல் அழைத்துப் போன இருவரிடமும் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் என்னோடு மாடியேறி வந்து, தம் படிவத்தையும் திருத்திக்கொண்டார். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கித்தான் கட்டினார், அந்தக் கடனுக்குப் பிணைக் கையெழுத்து என்னுடையது. மற்றவர், “நீங்கதானே சார் கூட்டிட்டுப் போனீங்க” என்று ஒரே வார்த்தை சொன்னார். அதன்பின் ஓய்வறையில் என் பக்கத்து நாற்காலியில் உட்காருவதில்லை. அவர் பெற்றுக்கொண்ட தொகை என்னுடையதை விட அதிகம். அவருடைய 50 விழுக்காட்டுக் காலம் 2026 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்து 60 ஆகிவிடும். அந்தத் தேதியையும், அவர் கட்ட வேண்டிய தொகையை நானே போட்டுப் பார்த்த கணக்கையும், எனக்கு அந்த மையத்தில் குறைத்துக்கொடுத்த 1,000 ரூபாயில் அவர் பங்கான 500-ஐயும் ஓர் உறையில் வைத்து, அவருடைய வருகைப் பதிவேட்டுக்குள் செருகிவிட்டு வந்திருக்கிறேன்.